ஃபிளைவீல் கரண்ட் தயாரிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘கரண்ட் இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர்’ என்று போன வாரம் படத்தோடு வந்த செய்தியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். முப்பது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

சின்ன மோட்டார் ஃபிளைவீல் என்கிற கனமான பெரிய சக்கரத்தைச் சுற்றுமாம், அது டைனமோவைச் சுற்றுமாம், அதில் வரும் கரண்ட் மோட்டாருக்குப் போக மிச்சம் வீட்டுக்காம்! எழுதிய நிருபர் ஒரு தையல் கடையை எட்டிப் பார்த்திருக்கலாம். மிதிக்கிற மிஷினில் மிதி மேலேயோ கீழேயோ போய் முட்டும் இடத்தில் கால் என்ன அமுக்கினாலும் சக்கரம் திரும்பாது, ஏற்கெனவே சுற்றிய வேகம்தான் அதைத் தாண்ட வைக்கும். ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினிலும் இதே கதைதான், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும், மற்ற மூன்று ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஒரு தடவை ஏறுவதோ இறங்குவதோ ஒரு ஸ்ட்ரோக்) ஃபிளைவீல் இழுத்துக்கொண்டு போகும். நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும், அதிலும் பேரிங் உரசலுக்கும் காற்றுக்கும் பிடித்தம் போக.

கணக்கே போட்டுவிடலாம். 100 கிலோ சக்கரம், எடை முழுக்க அரை மீட்டர் ஆரத்தில் விளிம்பிலேயே இருக்கிறது, நிமிஷத்துக்கு 600 சுற்று என்று வையுங்கள். அதில் இருப்பது சுமார் 49,000 ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஒரு சொட்டு வீணாகாமல் எடுத்தால்கூட 3 எச்.பி. மோட்டார் 22 விநாடி ஓடும், அவ்வளவுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நாலு மடங்காகும், சரி, விளிம்பைப் பிய்த்து எறியப் பார்க்கும் விசையும் நாலு மடங்காகுமே. வார்ப்பிரும்புச் சக்கரம் என்றால் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயம்.

டெமோவில் ஏன் எப்போதும் எல்இடி பல்பு எரிகிறது என்பதும் இதில் புரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு 9 வாட் பல்பு சில நிமிஷம் எரிவதில் அதிசயமே இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் என் மச்சான் ஒருத்தர், இலவச மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவர், இப்படி ஒன்றை வாங்கி வந்தார். கிணற்று மோட்டாரை மாட்டியதும் ஒரு முனகல், அப்புறம் அமைதி. விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்தச் சக்கரம் இப்போது வைக்கோல் போரைப் போர்த்திய தார்ப்பாய்க்கு வெயிட்டாக இருக்கிறது.

அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தால், அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு பம்ப்செட்டை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் ஐயா.

– ஒரு பட்டறைக்காரர், திருமங்கலம்