தாங்கியின் அடியில் மிஞ்சும் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சிம்கோ ஏரிக்கரையில் படகு திருத்துகிறவன். இந்தக் கோடையில் மட்டும் நம்மவர்கள் மூன்று பேர், பழைய வேக்போர்ட் படகை (பலகையில் நிற்பவரைக் கயிற்றால் இழுத்து, படகின் பின்னலையில் விளையாட விடுகிற படகு) வாங்கிவிட்டு ஒரே முறைப்பாட்டோடு வந்தார்கள்: “அண்ணை, உள்ளுக்குத் தண்ணி வருது.”

மூன்றிலும் படகில் ஓட்டை இல்லை. ஒழுகியது பலாஸ்ட் தாங்கி. பின்னால் எழும் அலை பெரிதாக வேண்டும் என்றால் படகு பாரமாக இருக்கவேண்டும். அதற்காக ஏரித் தண்ணீரையே பம்பால் இழுத்து நிரப்புகிற பிளாஸ்டிக் தாங்கி இது. 300 லீற்றர் நிரப்பினால் 300 கிலோ. கரைக்கு வரும்போது வெளியே இறைத்துவிடுவார்கள். ஆனால் பம்ப் கடைசிச் சொட்டுவரை இழுக்காது. அடியிலும் குழாயிலும் மிஞ்சுகிற தண்ணீர் மாரியில் உறைந்து, ஏறக்குறைய 9 வீதம் பருத்து, குழாய் பொருந்தும் இடத்தைப் பிளந்துவிடும்.

ஒரு படகில் இருக்கையைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தலைமயிர் அளவு வெடிப்பு. அதன்மேல் யாரோ பசை பூசியிருந்தார்கள். நகத்தால் கிளப்பியதும் தோல்போல உரிந்து வந்தது. பொலித்தீன் தாங்கியில் பசை பிடிக்காது. தாங்கியை வைத்த பிறகுதான் மேல்தளத்தை மூடியிருந்தார்கள், அதனால் முழுசாக எடுக்க வழியில்லை. உள்ளேயே வாளால் துண்டு துண்டாக அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் தடித்த பிவிசி பை போட்டேன். தண்ணீர் போகப்போகப் பை சுருங்கிவிடும், மிச்சம் குறைவு. ஆனால் பை வைக்குமுன், தாங்கி இருந்த பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனைகளை அராவிவிட வேண்டும். அப்புறம் பை நகராதபடி வாரால் கட்டவும் வேண்டும்.

செலவைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. வெளியிலிருந்து வந்து ஏரிகளில் பரவும் சீப்ரா மஸல் சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அந்த மிச்சத் தண்ணீரில் உயிரோடு இருந்து அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். ஒரு ஏரியில் அது பிடித்தால் பிறகு அழிக்க முடிவதில்லை. படகைத் தரைவழியாகக் கொண்டுபோகுமுன் தண்ணீரை வடித்து, படகின் வடிகால் ஓட்டையை மூடும் அடைப்பானைக் கழற்றவேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம். அடைப்பானைக் கழற்றுகிற பலரும் தாங்கியை மறந்துவிடுகிறார்கள்.

படகு வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: போன மாரிக்கு முன் தாங்கிக்குள் இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸ் (தண்ணீர் உறையாமல் காக்கிற திரவம்) விட்டீர்களா? பதில் எதுவானாலும் சரி, தாங்கியை நிரப்பச் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்துக் குழாய் பொருத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

படகுத் திருத்துநர் ஒருவர்,
பாரி, ஒன்ராறியோ