திருநாளுக்காக அவசரமாகச் சமாதி கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் கல்லறைக் கல் செதுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கோயில்களில் கல்லறைத் தோட்டப் பொறுப்பில் இருப்பவர்களும், இந்த வருஷம் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

"ஆகஸ்டில் அடக்கம் செய்தோம், திருநாளுக்குள் சமாதி கட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். சுற்றிலும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருக்கும்போது தங்கள் அம்மாவுடையது மட்டும் மண்மேடாகக் கிடந்தால் மனசு கேட்காதுதான். ஆனால் தோண்டி மூடிய மண் இறுகுவதற்கு ஒரு முழு மழைக்காலமாவது வேண்டும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பெய்வதே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அக்டோபர் கடைசியில் காங்கிரீட் போட்டு, மேலே கிரானைட் பலகை ஒட்டினால், அடுத்த வாரமே பெய்யும் மழையில் உள்ளே மண் இறங்கிவிடும். பலகைக்குக் கீழே பிடிமானம் இருக்காது. விரிசல் விடும், இல்லையென்றால் ஒரு பக்கம் சாயும். பிறகு சில வருஷத்தில் மரப்பெட்டி மக்கி, மேல்மூடி உடையும்போது மண் இன்னொரு தடவை இறங்கும். கடன் வாங்கிக் கட்டியவர்கள் பிளந்த சமாதிக்கு முன்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வருஷம் பெயரும் தேதியும் எழுதிய ஒரு சிலுவை போதும். அப்புறம் தலைக்கல் மட்டும் வையுங்கள். அதன் அஸ்திவாரத்தைக் குழிக்கு மேலே போடாமல், தலைமாட்டுக்கு அப்பால் தோண்டாத மண்ணில் போட வேண்டும். அப்படி வைத்த கல் அசையாது. வெள்ளை மார்பிள்தான் வேண்டும் என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மழை பட்டுப் பட்டு மார்பிள் கரையும், எழுத்து மழுங்கிப் போகும். கருப்பு கிரானைட்டில் ஆழமாக வெட்டினால் பெயிண்ட் உதிர்ந்தாலும் பெயரைப் படிக்கலாம்.

முழு நீளத்துக்குச் சமாதி கட்டுவதால் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. சில தோட்டங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லை. பக்கத்துச் சமாதிகளின் மேல் ஏறித்தான் போகிறார்கள்.

பழைய கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோயிலில் புதுக் குழிக்கு இடம் வேண்டும் என்று பழைய தலைக்கற்களைப் பிடுங்கிச் சுவரோரம் குவித்திருந்தார்கள். அப்பா உளியால் வெட்டிய கல் ஒன்றும் அதில் கிடந்தது. அவருடைய 'ழ' எனக்குத் தெரியும். இடம் இல்லை என்பது நிஜம்தான், குடும்பக் குழியைத் திறந்து மறுபடி அடக்கம் செய்வதும் வழக்கம்தான். ஆனால் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே இந்த ஊரில் நினைவுச் சின்னம் நிற்கிறது. நம் தாத்தா பாட்டி பெயரை எடுப்பதற்கு முன் ஞாயிறு ஆராதனையில் அறிவித்து, உறவினர்களைத் தேடக் கூடாதா? யாரும் வரவில்லையென்றால் கல்லைப் போட்டோ எடுத்து, அதில் உள்ளதை அப்படியே பதிவேட்டில் எழுதி வைக்கலாமே.

துக்க வீட்டில் இதையெல்லாம் உட்கார்ந்து பேச முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை உடலை மார்ச்சுவரியில் வைத்துவிட்டு, குழிக்கும் பெட்டிக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். அதனால் கமிட்டிகளே கல்லின் உயரம், அகலம், எப்போது வைக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் அச்சடித்து, குழிக்கான ரசீதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தத் திருநாளுக்கு முன்பே அதைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

– கல்லறைக் கல் செதுக்கும் தொழிலாளி,
காட்பாடி.