ஒழுங்கையைத் திறந்து தாருங்கள்: இடம்பெயர்ந்த இறையியல் கல்லூரியின் கோரிக்கை மனு

காணி விடுவிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் இறையியல் கல்லூரிக் காணிக்கான பாதை

மதிப்பிற்குரிய ஐயா,

முன்னர் தந்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காததால் மறுபடியும் எழுதுகிறோம். தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் போகும் வழியும் அங்குள்ள வேலிகளும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம்.

1. 1990 ஜூனில் போரினால் ஊரோடு சேர்ந்து கல்லூரியும் இடம்பெயர்ந்தது. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது.

2. வலயம் பகுதி பகுதியாக விடப்பட்டபோது எங்கள் காணியும் விடுவிக்கப்பட்டது. அதற்கு நன்றி. ஆனால் அதற்குப் போகும் ஒழுங்கை இன்னும் முட்கம்பிக்கு உள்ளே இருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் கையில் இருக்கிறது, நில அளவைப் படம் இருக்கிறது, ஒரு லோட் கல் இறக்க வழியில்லை. பாதை இல்லாத காணிக்குக் கட்டட அனுமதியும் கிடைக்காதாம்.

3. எல்லாவற்றையும் விட எங்களை வாட்டுவது நூலகம். இடம்பெயர்ந்தபோது மேசை, கதிரை, ஆர்மோனியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தகங்களைத்தான் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பக்கம் நெரிபட்ட சனத்துக்குள் அந்தச் சாக்குகளும் இருந்தன. அப்புறம் வாடகை வீடு மாறி வாடகை வீடு. இன்றைக்கு அவை ஒரு வீட்டின் பின் தாழ்வாரத்தில், தறப்பாளின் கீழ். கார்த்திகை மழைக்கு நிலம் கசியும், பெட்டியின் அடியிலிருந்து கறையான் ஏறும். போன மாரி முடிந்து ஒரு பெட்டியைத் திறந்தோம். பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் மொழிபெயர்க்க உழைத்த 1850ஆம் ஆண்டுத் தமிழ் வேதாகமம் (பைபிள்). அட்டை அப்படியே இருந்தது. விரித்தால் அதிலுள்ள சங்கீதப் புத்தகப் பகுதி முழுவதும் கறையான் மண். தட்டிப் பார்த்தோம், எழுத்தும் மண்ணோடு கொட்டியது. பக்கத்தில் 1862இல் அச்சான வின்சிலோவின் தமிழ்-ஆங்கில அகராதி, தாள்கள் ஒட்டிப் பாளமாகிவிட்டது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் பழைய இதழ்கள் தொட்டாலே உதிர்கின்றன. இறையியல் படிக்க வந்த பிள்ளைகள் மழை விட்டால் பாய் விரித்துப் புத்தகம் காய வைக்கிறார்கள், இருண்டால் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் என்னென்ன போயின என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகும் இந்த மண்ணில் மிஞ்சிய பழைய புத்தகங்களைக் கறையானுக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

4. முழுக் கல்லூரியையும் கட்டித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பணத்தைச் சபைகளும் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் சேர்க்கிறார்கள். முதலில் நூலக மண்டபம் மட்டும்: உயர்த்திய அத்திவாரம், ஒழுகாத கூரை. அதற்கு வேண்டியது லொறி போகிற அகலத்தில் ஓர் ஒழுங்கை. ஐயா, ஓர் ஒழுங்கை! ஓரிடத்தில் கேட்டால் பாதுகாப்புத் தரப்பின் சம்மதம் வரட்டும் என்கிறார்கள். அங்கே கேட்டால் சிவில் அதிகாரிகள் எழுதட்டும் என்கிறார்கள். சரி, யார்தான் முதலில் எழுத வேண்டும்? அதையாவது சொல்லுங்கள். கோவில்களுக்கும் பாடசாலைகளுக்கும் பாதை விட்டபோது எங்களுக்கும் சந்தோஷம்தான். எங்கள் கோப்பு மட்டும் ஏன் மேசை மேசையாக அலைகிறது? முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் தாருங்கள். பதிலே தராமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

5. வேலியை ஒழுங்கையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினால் போதும்.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். முதலில் காணியைப் பாருங்கள், பிறகு தாழ்வாரத்துக்கு வந்து எந்தப் பெட்டியையாவது தாங்களே திறந்து பாருங்கள். இந்த மாரி தொடங்குமுன் ஒழுங்கையைத் திறந்து தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரியின் ஆசிரியர்கள், மாணவர்கள், பழைய மாணவர்கள்