1992-க்கு முன்பும் பட்டாளத்தில் பெண்கள் இருந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளிர் தின இணைப்பில் ராணுவப் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். "1992 வரை இந்திய ராணுவத்தின் கதவு பெண்களுக்குத் திறக்கவே இல்லை" என்று அதில் ஒரு வரி. கையில் இருந்த காப்பி ஆறிப்போனது, என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 1982-ல் ராணுவச் செவிலியர் பணியில் தோளில் இரண்டு நட்சத்திரம் வைத்து லெப்டினன்ட் ஆனவள் நான். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று இப்போது மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறேன். நான் இருந்தது ராணுவம் இல்லை என்றால் வேறு என்ன?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1888 மார்ச்சில் பத்து நர்சுகள் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கியதில் தொடங்குகிறது எங்கள் கதை. 1926 அக்டோபர் 1-ல் ராணுவச் செவிலியர் பணி நிரந்தரப் பிரிவானது. 1943-ல் போட்ட அவசரச் சட்டம்தான் இன்றும் எங்களுக்குச் சட்டம். அதிலேயே நாங்கள் ஆயுதப் படையின் ஒரு பகுதி என்று எழுதியிருக்கிறது. 1976-ல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தின் முதல் பெண் ஜெனரல் ஒரு நர்ஸ். 1992-ல் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்த 25 பெண்களும் எங்கள் தங்கைகள்தான், அவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மருத்துவமும் செவிலியமும் தவிர்த்த மற்ற பிரிவுகளில் அவர்கள் முதல் பெண் அதிகாரிகள். அப்படி எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அந்த 25 பேர் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1987 அக்டோபரில், நான் சென்னை ராணுவ மருத்துவமனையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் அடிபட்ட ஜவான்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. பூட்ஸ் கயிறு ரத்தத்தில் ஊறிக் காய்ந்து கல்லாக இருந்தது, அவிழவில்லை. கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். அடியில் ஒட்டியிருந்த செம்மண் எங்கள் குலசேகரத்து மண் மாதிரியே இருந்தது. அவன் இந்தியில் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டான், கால் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். முப்பத்தாறு மணி நேரம் நாங்கள் யாரும் உட்காரவில்லை.

அப்புறம் இன்னொன்று. 1977-ல் போட்ட ஒரு விதிப்படி, கல்யாணம் ஆனால் ராணுவச் செவிலியரை வேலையை விட்டு அனுப்பலாம். 1995-ல்தான் அதை எடுத்தார்கள். 1988-ல் அப்படி அனுப்பப்பட்ட ஒரு சகோதரிக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில்தான் தீர்ப்பளித்தது. எனக்கு அம்மா பார்த்த இரண்டு சம்பந்தம் இந்த விதியைக் கேட்டதுமே தட்டிப்போனது. மூன்றாவதைப் பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சீருடையை விட எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளக்காரர், தெருவுக்குத் தெரு நர்ஸ். இரண்டுமாக ஒருத்தி இருக்க முடியும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. போன சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்துக்கு மெடல்களை இடப்பக்கம் குத்திக்கொண்டு போனேன். தன்னுடைய மெடல் என்றால் இடப்பக்கம், இறந்துபோன உறவினருடையது என்றால் வலப்பக்கம், அதுதான் முறை. முன்வரிசையில் இருந்த ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், "அக்கா, உங்க வீட்டுக்காரருக்க மெடலா? அவரு எந்த ரெஜிமென்ட்?" என் தம்பி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அவனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினான். அவன் மேல் கோபமில்லை, அந்தப் பெரியவர் மேலும் இல்லை. உங்களைப் போன்ற பத்திரிகைகள் எழுதுவதைத்தானே அவர்களும் வாசிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், நாலு வரி போதும். 2026 அக்டோபர் 1-ல் எங்கள் பணிக்கு நூறு வயது. அன்றைக்கு அரைப்பக்கம் ஒதுக்கினால் சந்தோஷப்படுவேன். படம் தேவைப்பட்டால் 1982-ல் எங்கள் அணி சீருடையில் எடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரே பிரதிதான், கசங்காமல் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
லெப்டினன்ட் கர்னல் (ஓய்வு), ராணுவச் செவிலியர் பணி
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்