பாதிக் கட்டணம் எத்தனை வருடத்துக்கு? எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைக் கணித ஆசிரியையாக இருக்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ பற்றி எழுதுகிறேன். அதைத் தரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு கல்லூரி கட்டணத்தைக் குறைத்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். ஆனால் அந்தச் சலுகை எந்தக் கட்டணத்தில், எத்தனை வருடத்துக்கு, எந்த நிபந்தனையோடு என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். அதற்கு உயர்கல்வித் துறை உத்தரவு போட வேண்டும்.

மே மாதம் ப்ளஸ் டூ முடிவு வருகிறது. பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்குவதற்குள் ஜூலை வந்துவிடுகிறது. இடைப்பட்ட வாரங்களில் எங்கள் ஊர்ப் பெற்றோரின் போன் ஓயாமல் அடிக்கும். பிள்ளையின் பெயர், மதிப்பெண், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் பேசுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். “உங்க பொண்ணுக்கு கட்-ஆஃப் 186 வருது சார். எங்க காலேஜ்ல ஸ்காலர்ஷிப் இருக்கு, ட்யூஷன் ஃபீஸ்ல பாதி கட்டினாப் போதும். ஆனா இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிடணும்.” பேசுகிறவர் பல நேரம் அந்தக் கல்லூரியின் விரிவுரையாளராகவே இருப்பார். கோடை விடுமுறையில் இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இலக்கு கொடுத்திருப்பார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பிழைப்பு அது.

நான் கணக்கு டீச்சர், கணக்காகவே சொல்கிறேன். மேலே சொன்ன 186 என் மாணவியின் கட்-ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குப் போடும் கணக்கு அது. அவள் அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் படித்ததில்லை. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,60,000 ரூபாய் என்றும், ஸ்காலர்ஷிப் போக 80,000 கட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். தெருவே கொண்டாடியது.

அதே பெண் கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டண நிர்ணயக் குழு 2017-இல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வைத்த கட்டணம் 50,000; தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கிறவர்களுக்கு அரசு தரும் முதல் பட்டதாரி சலுகையில் 25,000 ரூபாய் கழியும். 55,000-இல் அது போக மிச்சம் 30,000. ஸ்காலர்ஷிப் இல்லாத இடத்துக்கு 30,000, ஸ்காலர்ஷிப் கிடைத்த இடத்துக்கு 80,000. முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ, கல்லூரி தானே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டிலோ சேர்ந்தால் அது போய்விடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை அந்தக் குழு நிர்ணயிப்பதும் இல்லை. போனில் பேசிய யாரும் இதை அந்த அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்க வந்தபோது அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எங்களைப் போன்ற உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் வருவதில்லை. அவர்களும் அதே தெருக்களிலிருந்து, அதே கூலி வேலைக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறார்கள். முதல் பட்டதாரி சலுகை அவர்களில் பலருக்குப் பெரிய பிடிமானம். ஸ்காலர்ஷிப் என்ற ஒரு சொல்லைக் கேட்டு அதையும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த 186 மாணவிக்கு இரண்டாம் வருடம் வந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன பெண், முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் அரியர் வைத்துவிட்டாள். அடுத்த முறை எழுதி எடுத்தும்விட்டாள். ஆனால் ஸ்காலர்ஷிப் தொடர வேண்டுமானால் ஒரு அரியர்கூட இருக்கக்கூடாது, கிரேடு சராசரி 10-க்கு 8.5-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று அப்போதுதான் தெரிய வந்தது. சேர்க்கைப் படிவத்தில் ‘சலுகை நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நிபந்தனைகள் என்ன என்று எந்தத் தாளிலும் இல்லை. இரண்டாம் வருடத்திலிருந்து முழு 1,60,000. விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருடப் படிப்பும் கட்டிய பணமும் வீண். அதனால் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். அவள் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த 8.5 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒப்பீட்டு முறையில் கிரேடு போடுகிறார்கள். வகுப்பின் சராசரியை வைத்து, அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்துத் தரும் முறை அது. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களையெல்லாம் ஸ்காலர்ஷிப் கொடுத்து ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அத்தனை பேரும் சராசரிக்கு நன்றாக மேலே நின்றால்தான் சலுகை தொடரும் என்றால், அவர்களில் ஒரு பகுதியினர் எவ்வளவு உழைத்தாலும் அதை இழந்தே ஆக வேண்டும். பிள்ளை சோம்பேறி என்பதால் போவதில்லை, கணக்கே அப்படி. எத்தனை பேர் இழப்பார்கள் என்று கல்லூரிக்கு ஓரளவு முன்கூட்டியே தெரியும். பெற்றோருக்குத்தான் தெரியாது.

கல்லூரிகள் ஏன் இதைத் தருகின்றன என்பதும் மறைவான விஷயமில்லை. 195-க்கு மேல் எடுத்த சிலர் சேர்ந்தால் பல்கலைக்கழக ரேங்க் வரும், நல்ல கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வரும், அடுத்த வருடத்து விளம்பரத்தில் போட்டோ வரும். அதைப் பார்த்துத்தான் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் முழுக் கட்டணத்தோடு வந்து நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே வருடத்தில் நடந்தது: தகப்பனும் தாயும் டாக்டராக இருக்கும் ஒரு பையனுக்கு முக்கால் பங்கு கட்டணம் தள்ளுபடி; கட்-ஆஃப் 140-ஐச் சற்றே தாண்டிய ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மகனுக்கு அதே கல்லூரியில் முழுக் கட்டணம். டாக்டர் வீட்டுப் பையன் நன்றாகப் படித்தவன், அவன் மேல் குறையில்லை. ஆனால் அவனுக்குக் குறைத்த பணத்தில் ஒரு பங்கு பட்டாசு ஆலைக் கூலியிலிருந்து வருகிறது என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். ஐஐடிகளில் 2016-இல் பி.டெக். கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு 2 லட்சமாக உயர்த்தியபோது, குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழு விலக்கு, 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு என்று வைத்தார்கள். பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. எல்லாம் வெளிப்படையான விதி. வேலூர் விஐடி-யின் ஸ்டார்ஸ் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று கிராமப்புற அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெற்றவர்களை எடுத்து, படிப்பையும் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் இலவசமாகத் தருகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்புக்கு மதிப்பெண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. குடும்பத்தின் வசதியைப் பார்த்து மட்டும்தான் உதவி. அங்கேயும் மற்றப் பல கல்லூரிகள் நம் ஊரைப் போலவே மதிப்பெண்ணுக்குத் தள்ளுபடி கொடுத்து ஆள் பிடிக்கின்றன. ஆனால் மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள், எல்லாச் சலுகையும் போக ஒரு குடும்பம் ஏறத்தாழ எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதியைத் தங்கள் இணையதளத்தில் வைத்தே ஆக வேண்டும். 2011-இலிருந்து அங்கே அது சட்டக் கடமை.

நம்மிடமும் பாதி வழி போட்டாகிவிட்டது. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத் தாளில், கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து முழுக் கல்விக் கட்டணமும் திரும்பப் பெற்ற மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விளம்பரத்தில் ‘100 சதவீத ஸ்காலர்ஷிப்’ என்று பெரிய எழுத்தில் போடும் கல்லூரியின் தாளை எடுத்து அந்த ஒரு எண்ணைப் பாருங்கள் என்று இப்போது ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன். ஆனால் பாதித் தள்ளுபடி, கால் தள்ளுபடி பெற்றவர்கள் அந்தக் கட்டத்தில் இல்லை. முதல் வருடம் பெற்றவர்களில் நான்காம் வருடமும் பெறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் இல்லை. இந்த இரண்டு எண்களையும் கல்லூரிகள் வெளியிடச் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ ஏற்கெனவே பல விவரங்களைக் கட்டாயமாக வெளியிடச் சொல்கிறது, அந்தப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

கூடவே, ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லும் கல்லூரி தன் கடிதத் தாளில் நான்கு வருடத்துக்கும் கணக்கு எழுதித் தர வேண்டும். கல்விக் கட்டணம் இவ்வளவு, விடுதி, பஸ், தேர்வு, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று மற்றவை இவ்வளவு, சலுகை எதில், எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும், அரியரை எடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும். பைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய தாள் அது. அதை வாங்காமல் பணம் கட்டாதீர்கள் என்று நான் சொன்னால், “கேட்டா சீட்டு தரமாட்டாங்களோ டீச்சர்” என்கிறார்கள். அரசு உத்தரவு இருந்தால் அந்தப் பயம் இருக்காது.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. மாணவர்களின் போன் எண் பட்டியலைக் கொடுத்தால் சேரும் தலைக்கு இவ்வளவு என்று என்னிடம் பேசியிருக்கிறார்கள். மறுத்து அனுப்பினேன். நம்மை நம்பி எழுதிக் கொடுத்த எண்கள் அவை, தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள்.

இப்போதே அட்வான்ஸ் கட்டிவிட்ட பெற்றோர் பயப்பட வேண்டாம். ஏஐசிடிஇ விதிப்படி, குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யும் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் யுஜிசி அந்தந்த வருடம் அறிவிக்கும் தேதியைப் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கலந்தாய்வுக்கும் பதிவு செய்யுங்கள், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

இப்படிக்கு,
முதுகலைக் கணித ஆசிரியை,
சிவகாசி.