இனி ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன்

சாத்தூர்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்துகிற நெருக்கடியிலும் ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் பாதிக்கு மேல் கேள்விகள்தான். யார் எனக்கு ஊசி போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் மதுரைக்கு அலைகிறேனா, மாத்திரையாக விழுங்கினால் ஆகாதா, அம்மா என்ன சொல்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். கல்லூரி விடுதியில் தடுப்பூசி முகாம் நடந்த அன்று மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்ட என்னை அறிந்தவள் நீ என்பதால், இந்தச் செய்தியை உனக்குச் சொல்லும்போது சற்றுப் பெருமையாகவே இருக்கிறது: பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியான நான், இந்த ஆண்டு முதல் என் ஹார்மோன் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மருந்தான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அப்படியே விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால்தான் அதை எஸ்டர் என்னும் வேதி வடிவமாக மாற்றி, எண்ணெயில் கரைத்து, தசைக்குள் செலுத்துகிறார்கள். எண்ணெய் தசையில் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விடுகிறது. எனக்கு எழுதிக்கொடுத்திருப்பது சஸ்டனான் 250. ஆம்பூல் என்னும் ஒரு மில்லி கண்ணாடிக் குப்பியில் 250 மில்லிகிராம். அதுவும் ஒரே மருந்தல்ல, 30, 60, 60, 100 மில்லிகிராம் என நான்கு எஸ்டர்களின் கலவை. சீக்கிரம் கரைவது முதல் சில நாள்களைப் பார்த்துக்கொள்ளும். மெதுவாகக் கரைவது பின்வரும் வாரங்களைத் தாங்கும். கரைத்திருக்கும் எண்ணெய் எது தெரியுமா? கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் போடக் கூடாது என்பதால், உனக்குக் கடலை சேருமா என்று மருத்துவர் முதல் நாளே கேட்டார். சாத்தூர்ச் சேவும் கடலை மிட்டாயும் தின்று வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற, அன்டெகனோயேட் என்ற இன்னொரு எஸ்டர் ஊசியும் உண்டு. அது 1000 மில்லிகிராம், நான்கு மில்லி விளக்கெண்ணெயில் வருவது. அந்த எண்ணெய் நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போய் மூச்சுத்திணறலை உண்டாக்கும் ஆபத்து அரிதாக இருப்பதால், அதை மருத்துவமனையில்தான் மெதுவாகப் போட்டு, சிறிது நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள். தோலில் தடவும் ஜெல்லும் இருக்கிறது. அதைத் தினமும் தடவ வேண்டும், விலையும் அதிகம், தடவிய இடம் குழந்தைகள்மேல் படாமல் வேறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி என்றால், போடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். தொடக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய கிளினிக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சிஸ்டர்கள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வருகிறவர் சீட்டைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், பிறகு பெஞ்சில் காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இது ஆம்பளைங்களுக்குப் போடுற மருந்தாச்சே, யாருக்குங்க?" என்பார். எனக்குத்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது. அவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஒருவர் ஊசி போட்டு முடித்துவிட்டு, "நல்லா இருங்க தம்பி" என்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் ஒரு மில்லி மருந்து உடம்புக்குள் போவதற்கு ஒவ்வொரு முறையும் என் பிறப்பிலிருந்து கதையைத் தொடங்க வேண்டியிருந்தது என்னைக் களைக்க வைத்தது. மதுரைக்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். சிவகாசியில் காலண்டர் சீசன் நடக்கும்போது அச்சகத்தில் விடுப்புக் கேட்டுப் பார், தெரியும்.

யோசித்துப் பார், மரகதம். மனநல மருத்துவர் சான்று தர வேண்டும், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சீட்டு எழுத வேண்டும், மருந்துக்கடைக்காரர் அந்தச் சீட்டை நம்ப வேண்டும், அடையாள அட்டைக்கு ஆட்சியர் அலுவலகம் கையெழுத்திட வேண்டும். இந்தப் பாதையில் நான் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் முன்னால் யாரோ ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்களில் பலர் நல்லவர்கள்; சில இடங்களில் அப்படி ஒருவர் இருப்பது தேவையும்கூட. ஆனாலும் எவருடைய சம்மதத்தையும் எதிர்பார்க்காமல் நானே செய்துகொள்ளக்கூடிய ஒரே வேலை இந்த ஊசிதான் என்று தெரிந்ததும், கற்றுக்கொண்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

சொல்லிக்கொடுத்தவர் மதுரையில் என் மருத்துவரிடம் வேலை பார்க்கும் மூத்த சிஸ்டர். மருத்துவரே அவரிடம் அனுப்பிவைத்தார். முதலில் தண்ணீரை உறிஞ்சிச் சாத்துக்குடியில் குத்திப் பழகினேன். ஊசிகளின் அடிப்பகுதிக்கு நிறம் இருப்பது ஊசியின் பருமன் எண்ணைக் குறிப்பதற்கு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இளஞ்சிவப்பு 18, தடித்தது. நீலம் 23, மெல்லியது. எண்ணெய் கெட்டியானது என்பதால் தடித்த ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதைக் கழற்றி மெல்லிய ஊசியை மாட்டித்தான் குத்த வேண்டும். மருந்தை எடுத்த ஊசியாலேயே குத்தினால் வலி அதிகம். ஆம்பூலின் அடியில் பட்டு அதன் முனையும் மழுங்கியிருக்கும். ஆம்பூலைச் சிறிது நேரம் உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினால் எண்ணெய் இளகிவரும். பிறகு தலைப்பகுதியைச் சுண்டிவிட்டு, அங்கே தங்கியிருக்கும் துளிகளைக் கீழே இறக்கி, கழுத்தில் உள்ள புள்ளி நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்து, பஞ்சைச் சுற்றி, வெளிப்பக்கமாக ஒடிக்க வேண்டும். அந்த "டிக்" சத்தம் கேட்கும்போது இன்றும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது.

குத்துமிடம் தொடையின் வெளிப்பக்கம். முழங்காலுக்கு மேல் ஒரு கையகலமும் இடுப்புக்குக் கீழ் ஒரு கையகலமும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் பகுதியில் பெரிய நரம்போ இரத்தக்குழாயோ இல்லாத தசை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தளரவிட்டு, ஸ்பிரிட் தடவி, அது உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஊசி நேராக, தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். மருந்தை அவசரமில்லாமல், பத்துப் பதினைந்து எண்ணும் நேரத்துக்கு, மெல்லத் தள்ள வேண்டும். எடுத்ததும் பஞ்சால் அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை அடுத்த கால்.

இத்தனையும் கேட்டுக்கொள்வதற்கு எளிது. என் அனுபவத்தில் கஷ்டம் முழுவதும் ஊசி முனைக்கும் தோலுக்கும் இடையே இருக்கும் அந்த ஓர் அங்குலத்தில்தான். கை தானாக நின்றுவிடும். மனம் "குத்து" என்று சொன்னாலும், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த உடம்பாக இருப்பதால் கேட்காது. "மூச்சை வெளிய விடும்போது குத்துங்க, தம்பி" என்றார் சிஸ்டர். அது உதவியது. உண்மையில், உள்ளே போன பிறகு வலி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மறுநாள்தான், வெகுகாலம் கழித்து மிதிவண்டி மிதித்தவனின் தொடையைப் போல ஒரு கனம் இருக்கும். இரண்டு நாளில் போய்விடும்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை குறைந்த அளவை வயிற்றுத் தோலுக்கு அடியில் சிறிய ஊசியால் போடுவது. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப் போட்டுக்கொண்ட திருநம்பிகளுக்கும் ஹார்மோன் அளவு ஆண்களுக்குரிய எல்லைக்குள் வந்திருந்தது. ஆனால் அங்கே பலமுறை எடுக்கக்கூடிய ரப்பர் மூடியிட்ட குப்பிகளில் மருந்து கிடைக்கிறது. என் மருந்து ஆம்பூலில்தான் வருகிறது. ஒடித்த ஆம்பூலை மீதி வைத்து அடுத்த வாரம் பயன்படுத்த முடியாது. ஆகவே எனக்குத் தொடைதான் என்று மருத்துவர் முடித்துவிட்டார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரைக்காக அம்மா பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். தொலைக்காட்சித் தொடரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வயிற்றில் குத்திக்கொண்டு, சோற்றைப் பிசையத் தொடங்கிவிடுவார்கள். என் மருந்தைப் பற்றி மட்டும் நெடுநாள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. வீட்டில் நான் போட்டுக்கொள்ளத் தொடங்கிய புதிதில், ஓர் இரவு கை வழக்கம்போல் நின்றுவிட்டது. கதவோரம் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. "ஊசியையே பாத்துக்கிட்டிருந்தா கை நடுங்கத்தான் செய்யும். குத்துற எடத்தப் பாரு, பாப்பா" என்றார்கள். பாப்பா என்பதை மாற்றிக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. மறுநாள் தினசரிக் காலண்டரில் மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியைச் சுழித்துவைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரே தகராறுதான்: மருந்தை எங்கே வைப்பது? இன்சுலினோடு ஃபிரிட்ஜில் வை என்பது அம்மாவின் கட்சி. இந்த மருந்தைக் குளிரில் வைக்கக் கூடாது, 30 டிகிரிக்குக் கீழ் இருந்தால் போதும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. சாத்தூரில் சித்திரை மாதத்தில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் அம்மாவே கண்டுபிடித்தார்கள். வீட்டில் வெயிலே படாத இடம் பூஜை அறையின் கீழ்த்தட்டு. விபூதிச் சம்புடத்துக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் பக்கத்தில் சஸ்டனான் இருக்கிறது. கோடையில் ஒரு ஆம்பூலுக்கு மேல் வாங்கிவைப்பதில்லை.

நீ வரலாற்று ஆசிரியை என்பதால் உனக்கு ஒரு செய்தி. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும் ஆய்வகத்தில் செய்துகாட்டியதும் 1935-இல்தான். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1939-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மைக்கேல் டில்லன் என்பவர் அதை மாத்திரையாகச் சாப்பிடத் தொடங்கினார். பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டுப் பிறந்து, ஆணாக மாறுவதற்காக அந்த மருந்தை எடுத்துக்கொண்டதாக நாம் அறிந்தவர்களில் மிக முந்தையவர்களில் ஒருவர் அவர். ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர், பிறகு டப்ளினில் மருத்துவம் படித்துக் கப்பல் மருத்துவரானார். 1958-இல் பத்திரிகைகள் அவருடைய கதையை அம்பலமாக்கியபோது எங்கே ஓடிவந்தார் தெரியுமா? இந்தியாவுக்கு. பௌத்தத்தில் சேர்ந்து, லடாக்கில் ரிசோங் மடத்தில் சிறிது காலம் இருந்து, 1962-இல் டல்ஹவுசியில் இறந்தார்; வயது 47. உன் பாடப்புத்தகத்தில் இடமிருக்காது என்று தெரியும். இருந்தாலும் தெரிந்துகொள்.

உடம்பில் என்ன மாற்றம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். குரலை நீயே தொலைபேசியில் கேட்டாய். அது இனித் திரும்பாது. மாதவிலக்கு சில மாதங்களில் நின்றுவிட்டது. தாடி தன் இஷ்டத்துக்கு, ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக வருகிறது. ஊசிக்கு முந்தைய வாரம் சோர்வும் எரிச்சலும் இருக்கும். அளவு இறங்குவதன் அறிகுறி அது. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இந்த மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிக்கச் செய்யும் என்பதால் ஹெமாட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் பழைய பதிவை வைத்துப் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு, என் ஹீமோகுளோபினைத் தடித்த எழுத்தில் "அதிகம்" என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். அம்மா பதறிவிட்டார்கள். ஆண்களுக்கான கணக்கில் அது சாதாரண அளவு.

இதே பாதையில் எனக்குப் பின்னால் வரும் ஒரு பையன், கல்லூரி மாணவன், உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவரிடம் சீட்டு இல்லாமலே இதே ஊசி கிடைக்கிறது, எப்படிப் போடுவது என்று காணொளி அழைப்பில் காட்டுங்கள் அண்ணா என்றான். அவனுடைய அவசரம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் கள்ளத்தனமாக விற்கிற ஆம்பூலுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மாற்றுப் பாலினத்தவருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போய் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வா, சீட்டோடு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தான். மறுவாரம் பிரிவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தான்.

தை மாதம் உன் கும்பகோணம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவும் நானும் கட்டாயம் வருகிறோம். அம்மாவின் காலண்டர் சுழிப்பு அந்த வாரத்தில்தான் விழுகிறது. ஆகவே மருந்தும் சீட்டும் கையோடு வரும். எனக்கென்று நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். நல்ல வெளிச்சமும் ஒரு நாற்காலியும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையை அரை மணி நேரம் ஒதுக்கிவை. பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நானே கொண்டுவருவேன். அம்மாவின் ஊசிகளும் அதில்தான் போகும், நிரம்பியதும் மதுரை சிஸ்டரிடம் கொடுத்துவிடுவோம். உன் சின்னவள் எதையும் எடுத்துப் பார்க்கிற வயது என்பதால், எங்கள் பையை அலமாரியின் மேல்தட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
கதிர்