பழைய கணினியைக் கழிக்குமுன் வைஃபை பழுதைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளைப் பகுதிகளில் லேத் பட்டறை, வாகனத் திருத்தகம், அச்சகம் முதலியவற்றை நடத்துவோரிடம் பத்து, பதினைந்து வருடப் பழைமையான கணினிகள் இன்றும் அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் வைஃபை கிடைக்கவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், பெட்டியைத் திறந்துகூடப் பாராமல் "இது பழசு பாஸ், இனிச் சரிவராது, புதுசொன்று எடுங்க" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலான வேளைகளில் தவறானது என்பதையும், பழுது எங்கே இருக்கும் என்பதையும் பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டில் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது கணினி விலையும் கூடவே ஏறியது. சிறு தொழில் செய்வோருக்குப் புதிய கணினி அதன்பின் எட்டாக்கனியாகவே இருக்கிறது. பணம் ஒருபுறமிருக்க, தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலர்களுக்கும் உலர்த்திகளுக்கும் செய்துகொடுத்த உதிரிப்பாகங்களின் வரைபடங்கள், வாகனங்களைச் சோதிக்கும் பழைய மென்பொருள்கள், அச்சகமானால் பாமினி எழுத்துருவில் கோத்துவைத்த கலியாண அழைப்பிதழ்களும் மரண அறிவித்தல்களும் என்று பல வருட வேலை அந்தப் பழைய கணினிக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுட் சில மென்பொருள்கள் புதிய வின்டோஸில் இயங்கவே மாட்டா. வாடிக்கையாளரோ வரைபடத்தையும் விலைக்கோரலையும் மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டதாலும், அடுத்ததான வின்டோஸ் 11 சில வருடங்களுக்கு முந்திய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை என்பதாலும், 'பழசு' என்று ஒதுக்கப்படும் கணினிகளின் தொகை இனிக் கூடவே போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டியான ரவுட்டரையே. பழைய வைஃபை அட்டைகளிற் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹேர்ட்ஸில் வரும் இணைப்பின் பெயர்கூட அவற்றின் பட்டியலில் தோன்றாது. இப்போது வீடுகளுக்குக் கொடுக்கப்படும் ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் அனுப்புவதும், டபிள்யூ.பி.ஏ. 3 என்ற 2018ஆம் ஆண்டின் பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ. 2 என்ற பழைய முறையுடன் கலந்து வைத்திருப்பதும் சாதாரணம். இந்தக் கலப்பு முறையில் சில பழைய அட்டைகள் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் இணைய மறுக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று 2.4 கிகாஹேர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்து, அதன் பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ. 2 என்று மட்டும் மாற்றி, சனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் உள்ள பிரிவை, 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிறுத்தினால், ஒரு சதமும் செலவழிக்காமல் காரியம் முடிந்துவிடுவதுண்டு. சனல் 12, 13 ஆகியவற்றில் ரவுட்டர் இயங்கினால் அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட அட்டைகளுக்கு அது தெரியாது என்பதனாலேயே சனலையும் சொல்கிறேன்.

அட்டையே இல்லாத மேசைக் கணினிக்கு யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை டொங்கிளை வாங்குகிறோம். அதை வின்டோஸுக்கு அடையாளங்காட்டி இயக்கும் மென்பொருளான ட்ரைவர், உடன்வரும் குறுந்தட்டில் இருக்கிறது. பட்டறைத் தூசியில் குறுந்தட்டு இயக்கி எப்போதோ செத்துப்போயிருக்கும். இணையத்திலிருந்து இறக்கலாம் என்றால் இணையம் வருவதற்குத்தான் அந்த ட்ரைவரே தேவை. இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கையிலிருக்கும் ஆண்ட்ரொய்ட் தொலைபேசி போதும்: தொலைபேசியை வைஃபையில் இணைத்து, சார்ஜ் கேபிளினால் கணினியுடன் தொடுத்து, தொலைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், வின்டோஸ் 7 முதற்கொண்டு பெரும்பாலான கணினிகளில் தனி ட்ரைவர் எதுவுமின்றி இணையம் வந்துவிடும். அதன்பின் டொங்கிளின் ட்ரைவரை இறக்கிக்கொள்ளலாம். ஒரே மாதிரி இலக்கம் அச்சிட்ட டொங்கிள்களுக்குள்ளேயே உற்பத்தியாளர்கள் சிப்பை மாற்றிவிடுவதால், பெட்டியிலுள்ள பெயரை நம்பாமல், வின்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் காணும் அடையாள இலக்கத்தைப் பார்த்தே ட்ரைவரைத் தேட வேண்டும். நீண்டகாலமாக மேம்படுத்தப்படாத வின்டோஸ் 7, புதிய முறையில் இலத்திரனியல் கையொப்பமிடப்பட்ட ட்ரைவர்களை ஏற்காது. அதற்குரிய மேம்படுத்தலை முதலில் பதிய வேண்டும். இவற்றைப் பாராமல் டொங்கிளுக்கு மேல் டொங்கிளாக வாங்குவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவதாகத்தான் முடியும். பழுது வன்பொருளிலா வின்டோஸிலா என்ற ஐயம் தீர, வின்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸை, நிறுவாமல் பென் ட்ரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்பது நல்ல சோதனை; கணினியிலுள்ள எதையும் அது அழிப்பதில்லை.

வைஃபை இணைந்துவிட்டது, சிக்னலும் நிறைய இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்ற முறைப்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலைநாட்டில் இடிமின்னலுக்குப் பயந்து மாலையில் பிரதான சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறோம். அந்நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டிலுள்ள, ஒரு நாணயமளவான 3 வோல்ட் பற்றரி மட்டுமே. அது வலுவிழந்தால் கணினி காலையில் விழிக்கும்போது திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போயிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை செல்லும் என்று பொறிக்கப்பட்டவை. கணினி தன்னை 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அவை எதையும் அது நம்பாது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கையில் வின்டோஸ் கடிகாரத்தைத் தானாகத் திருத்தவும் மறுக்கும். திரையின் வலது மூலையிலுள்ள திகதியைப் பார்ப்பதற்கு ஒரு கணம் போதும், கைக்கடிகாரக் கடையில்கூட அந்தப் பற்றரி கிடைக்கும். இதற்காக இணைப்பு வழங்குநரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பட்டறையின் கட்டமைப்பும் ஒரு காரணம். நம் பட்டறைகளின் கூரையும் பெரும்பாலும் சுவரும் தகரம். கணினிப் பெட்டியும் இரும்பு. அதன் பின்புறத்தில் சுவரோடு ஒட்டி டொங்கிளைச் செருகினால் அலை எங்கிருந்து வரும்? யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயரொன்றினால் டொங்கிளை வெளியே எடுத்து, ரவுட்டர் இருக்கும் வீட்டை நோக்கிய ஜன்னலருகே உயர்த்திக் கட்டினால் வேறுபாடு உடனே தெரியும். வயர் 5 மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பட்டறைக்கு வெளியால் லேன் கேபிள் இழுப்பதை நான் விரும்புவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் மின்னலில் அந்தக் கேபிள் வழியாகவே இரண்டு முனைகளிலுமுள்ள கருவிகள் கருகக்கூடும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு வழி உண்டு, அதைத்தான் நான் பெரிதும் சிபாரிசு செய்வேன். லேன் துளையுள்ள, வைஃபையை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் சிறு ரேஞ்ச் எக்ஸ்டெண்டரையோ, இன்னொரு ரவுட்டரின் வைஃபையில் இணையும் கிளையண்ட் மோட் வசதியுள்ள பழைய ரவுட்டரையோ பட்டறைக்குள் வைத்து, அது வைஃபையை வாங்கிக் குறுகிய லேன் கேபிளினால் கணினிக்குக் கொடுக்கும்படி செய்யலாம். கணினிக்கு இது சாதாரண லேன் இணைப்பாகவே தெரியும். வைஃபை ட்ரைவர் தேவையில்லை, டபிள்யூ.பி.ஏ. பற்றிய கவலையும் இல்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் ரவுட்டர்கள் பலவற்றுக்கு 2004 முதல் வளர்ந்துவரும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருளைப் பதிந்தும் இந்த வேலையை வாங்கலாம்.

இணைப்புக் கிடைத்ததும் ஆபத்தும் தொடங்குகிறது என்பதை மறைக்க மாட்டேன். வின்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும் வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு நின்றுவிட்டது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள், எவரும் எதையும் அழுத்தாமலே வலையமைப்பு வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. ஆகவே எக்ஸ்.பி. கணினியை நேரடியாக இணையத்தில் விடவே கூடாது. வின்டோஸ் 7 என்றால் ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில் அதைத் தனியே வைத்து, கோப்புப் பகிர்வை நிறுத்தி, வங்கி அலுவல்களைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மென்பொருளுக்கு வின்டோஸையும் இணையத்துக்கு லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். செயலி 32 பிட் ஆனால் 2023இல் வெளியான டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை நாட வேண்டும், அடுத்த பதிப்பில் அவ்வகைக் கணினிகளில் நிறுவும் வசதி நீக்கப்பட்டுவிட்டது.

தங்கள் பத்திரிகையை வாசிக்கும் கணினிக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: டொங்கிள் விற்கும்போது அதிலுள்ள சிப் எது, எந்த வின்டோஸ் வரை ட்ரைவர் உண்டு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள், அதில் இயங்காவிட்டால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் தமது கணினி வன்பொருள் பாடநெறிகளில் புதிய கணினியைப் பொருத்தக் கற்பிப்பதோடு நில்லாமல், பழைய கணினியொன்றை மாணவர் முன் வைத்து, ரவுட்டரிலிருந்து பற்றரி வரை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் செய்வதற்கும் சில மணித்தியாலங்களை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
தலவாக்கலை.